கையடக்க லேசர் செய்கிறவர்களுக்கு: டயோடுக்கு வயர் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிற பிள்ளைகளும், வீட்டிலேயே ரேடியோ, டீவி திருத்திப் பழகுகிற தம்பிமாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். இதில் சொல்வதெல்லாம் 650 நானோமீட்டர் அலைநீளம், 5 மில்லிவாட் சக்தி உள்ள சிவப்பு லேசர் டயோடுக்குத்தான், அதாவது கரண்ட் போனால் லேசர் ஒளி தருகிற அந்தச் சின்ன உறுப்புக்கு. பாடசாலைக் கண்காட்சிக்கும் வீட்டுப் பரிசோதனைக்கும் அதுவே தாராளம். எரிக்கிற லேசர் செய்ய வழி தேடி வந்திருந்தால் அது இங்கே கிடைக்காது, ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

டயோடை நேரே பெட்டரியில் கொடுத்தால் என்ன? எல்ஈடி எரிகிறதே, இது மட்டும் ஏன் எரியாது?

எரியும். கண நேரம் எரிந்துவிட்டு அதோடு போய்விடும்.

லேசர் டயோடுக்கு முக்கியம் வோல்டேஜ் இல்லை, கரண்ட். வோல்டேஜை ஒரு சொட்டு கூட்டினாலே கரண்ட் மளமளவென்று ஏறிவிடும். அது ஏறினால் டயோட் சூடாகும், சூடானால் அதற்குத் தேவையான வோல்டேஜ் குறையும், பெட்டரி கொடுப்பது அதே வோல்டேஜ் என்பதால் கரண்ட் இன்னும் ஏறும். ரம்பொடை வளைவில் பிரேக் இல்லாமல் இறங்குகிற லொறி மாதிரி, நடுவில் நிறுத்த எதுவுமே இல்லை. ஆனால் பல நேரம் சூட்டால் சாவதற்கு முன்னமே வேறொன்று நடந்துவிடும். டயோடின் உள்ளே இருக்கிற சில்லு கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற அளவு சின்னது, அதன் ஒரு முனைதான் ஒளி வெளியே வருகிற கண்ணாடி மாதிரி வேலை செய்கிறது. ஒளி அளவுக்கு மீறினால் அந்த முனையே உருகிவிடும், அதற்கு மைக்ரோ விநாடி கூடத் தேவையில்லை. நீங்கள் கையை எடுப்பதற்குள், பியூஸ் போவதற்குள், எல்லாம் முடிந்திருக்கும்.

எல்ஈடியில் கரண்ட் கொஞ்சம் கூடினால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். லேசர் டயோடில் அப்படியில்லை. ஏறத்தாழ 20 மில்லி அம்பியர் வரை வெறும் மங்கல் சிவப்புதான் இருக்கும், அந்த எல்லையைத் தாண்டியதும் ஒவ்வொரு மில்லி அம்பியருக்கும் ஒளி கிடுகிடுவென்று ஏறும். 35இல் நன்றாக வேலை செய்கிற டயோட் 50இல் செத்துப்போகலாம்.

சரி, கரண்டை எப்படிக் கட்டுப்படுத்துவது? லேசான சர்க்கிட் ஒன்று சொல்லுங்கள் அண்ணே.

எல்எம் 317 என்கிற, வோல்டேஜைச் சீராக்குகிற ஐசி ஒன்று போதும். மலிவு, புறக்கோட்டைக் கடைகளிலும் கண்டியிலும் கிடைக்கும், பழைய பவர் சப்ளை போர்டுகளிலும் இருக்கும்.

எழுத்து உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடது கால் அட்ஜஸ்ட், நடு கால் அவுட், வலது கால் இன். பெட்டரி பிளஸ் வலது காலுக்கு. நடு காலிலிருந்து ஒரு ரெசிஸ்டர் இடது காலுக்கு. அந்த இடது கால் சந்தியிலிருந்துதான் டயோடின் அனோடுக்கு (பிளஸ் பக்கக் கால்) வயர் போகும், கதோட் (மைனஸ் பக்கக் கால்) பெட்டரி மைனசுக்கு. நடு காலிலிருந்து நேரே டயோடுக்கு வயர் எடுத்துவிடாதீர்கள், அப்படி எடுத்தால் எந்தக் கட்டுப்பாடும் இருக்காது.

இந்த ஐசி அந்த ரெசிஸ்டருக்குக் குறுக்கே எப்போதும் 1.25 வோல்ட் வைத்துக்கொள்ளும். ஆகவே கரண்ட் என்பது 1.25ஐ ஓமால் வகுத்தது. 39 ஓம் போட்டால் 32 மில்லி அம்பியர், 36 ஓம் என்றால் ஏறத்தாழ 35. டயோடின் தரவுத்தாளில் (தயாரித்தவர் கொடுக்கிற டேட்டா ஷீட்) எவ்வளவு என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள். தரவுத்தாளே இல்லாத டயோட் என்றால் 47 ஓமில் ஆரம்பியுங்கள், 27 மில்லி அம்பியர்கூட வராது. லேசர் புள்ளி தெரிந்தால் அதுவே போதும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கூட்டிக் குறைக்க ட்ரிம்பொட் (திருகி ஓமை மாற்றுகிற சின்ன ரெசிஸ்டர்) வேண்டுமென்றால் அதை மட்டும் தனியே போடக்கூடாது. ஒரு முனைக்குத் திருப்பினால் அது பூச்சிய ஓம், டயோட் காலி. 36 ஓம் நிலையான ரெசிஸ்டரோடு 50 ஓம் ட்ரிம்பொட்டைத் தொடராகப் போட்டால் எங்கே திருப்பினாலும் 35ஐத் தாண்டாது.

பெட்டரி விஷயம்: டயோடுக்கு 2.2 வோல்ட் அளவில், ரெசிஸ்டருக்கு 1.25, ஐசி தனக்கென்று ஏறத்தாழ 2 வோல்ட் பிடித்துக்கொள்ளும். மொத்தம் ஐந்தரை. 9 வோல்ட் பெட்டரியோ, தொடராக இரண்டு லிதியம் பெட்டரியோ சரி. ஒற்றை லிதியம் பெட்டரியில் இது வேலை செய்யாது.

என்னிடம் பழைய லெப்டொப்பில் கழற்றிய ஒரு 18650 லிதியம் பெட்டரி மட்டும்தான் இருக்கிறது.

அப்படியானால் வெறும் ரெசிஸ்டர் ஒன்றே போதும். முழுதாக சார்ஜ் ஆன பெட்டரி 4.2 வோல்ட், டயோட் 2.2, மிச்சம் 2 வோல்ட். 68 ஓம் போட்டால் 29 மில்லி அம்பியர் போகும். பெட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் மங்கும், டயோடுக்கு ஒன்றும் ஆகாது. கடையில் விற்கிற மலிவான சிவப்பு லேசர் மொடியூல்கள் பலவற்றிலும் உள்ளே இப்படி ஒரு சின்ன ரெசிஸ்டர்தான் இருக்கிறது. கணக்கை எப்போதும் நிறைந்த பெட்டரிக்கே போடுங்கள், 3.7 என்று எழுதியிருக்கிறதே என்று அதை வைத்துப் போடாதீர்கள்.

லெப்டொப் பெட்டரி என்பதால் இன்னொன்று. வீங்கியது, நசுங்கியது, உறை கிழிந்தது எதையும் லேசரைப் பொருத்துகிற டோர்ச் உடம்புக்குள் திணிக்க வேண்டாம். சார்ஜ் செய்யும்போது லேசரையும் போடாதீர்கள்.

டயோடில் மூன்று கால் இருக்கிறதே, எது எது?

ஒன்று லேசருக்கு, ஒன்று உள்ளே ஒளியை அளக்க வைத்திருக்கிற போட்டோ டயோடுக்கு, மற்றது இரண்டுக்கும் பொது. பொதுக் கால் பெரும்பாலும் உலோக உறையோடு சேர்ந்திருக்கும். ஆனால் அது லேசரின் அனோடா, கதோடா என்பது மொடலுக்கு மொடல் மாறும், ஆகவே இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு படத்தை நம்பி ஒட்டிவிடாமல் உங்கள் டயோடின் தரவுத்தாளையே பாருங்கள்.

இது டோர்ச் உடம்பில் பொருத்தும்போதுதான் வினையாகும். பெரும்பாலான டோர்ச்களில் உடம்பே பெட்டரியின் மைனஸ். டயோடின் உறை அனோடோடு சேர்ந்ததாக இருந்து, டயோடைப் பிடித்திருக்கிற பித்தளைக் குழாய் வழியாக அது உடம்பில் பட்டால் டயோட் ஷோர்ட் ஆகிவிடும். எல்எம் 317 சர்க்கிட்டில் லேசர் எரியாது, அவ்வளவுதான். ஆனால் வேறு சில சர்க்கிட்டுகளில் பெட்டரியே உடம்பு வழியாக ஷோர்ட் ஆகும், கையில் பிடித்திருக்கிற டோர்ச்சுக்குள் லிதியம் பெட்டரி ஷோர்ட் ஆவது விளையாட்டு இல்லை. ஐசியின் உலோக முதுகும் அவுட் காலோடு சேர்ந்தது, அதுவும் உடம்பில் படக்கூடாது. மூடுவதற்கு முன் மீட்டரால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

மீட்டர் என்றதும் ஒன்று. முள் ஆடுகிற பழைய மீட்டர் வைத்திருப்பவர்கள் டயோடை ஓம் பெரிய ரேஞ்சில் வைத்துச் சோதிக்க வேண்டாம். அந்த ரேஞ்சுக்கு உள்ளே 9 வோல்ட் பெட்டரி இருக்கும், கறுப்பு வயரில்தான் பெரும்பாலும் பிளஸ் வரும். லேசர் டயோட் தலைகீழாக 2 வோல்ட் அளவுக்குமேல் தாங்காது.

டயோடைப் பலி கொடுக்காமல் சர்க்கிட் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

எல்லோரும் செய்யவேண்டியதும், அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவதும் இதுதான். லேசர் டயோட் இருக்கவேண்டிய இடத்தில் 1என்4007 என்கிற சாதாரண டயோட் மூன்றைத் தொடராகப் போடுங்கள், மூன்றும் சேர்ந்து 2.2 வோல்ட் பக்கம் பிடிக்கும். அதோடு தொடராக 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த 1 ஓமுக்குக் குறுக்கே அளந்தால், மீட்டர் காட்டுகிற மில்லி வோல்ட்தான் உங்கள் மில்லி அம்பியர். 32 என்று காட்டினால் 32. ஒரு வகுத்தலும் வேண்டாம்.

இதை வைத்துச் சும்மா ஒருமுறை அளந்துவிட்டு விடாதீர்கள். ஸ்விட்சைப் பலதடவை போட்டுப் போட்டு நிறுத்துங்கள், சர்க்கிட்டைத் தட்டுங்கள், வயர்களை ஆட்டுங்கள், கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். எண் ஆடாமல் நின்றால்தான் டயோடைக் கையில் எடுக்கவேண்டும்.

ஸ்விட்சையும் கெப்பாசிட்டரையும் எங்கே போடுவது?

ஸ்விட்ச் பெட்டரிக்கும் சர்க்கிட்டுக்கும் நடுவில். சர்க்கிட்டுக்கும் டயோடுக்கும் நடுவில் ஒருபோதும் போடக்கூடாது, அங்கே போட்டதால் செத்த டயோட்கள் கணக்கில்லை. காரணம் சொல்கிறேன். டயோட் கழன்று நிற்கும்போது சர்க்கிட் எவ்வளவு முயன்றாலும் கரண்ட் போக வழியில்லை, ஆகவே வெளியே வருகிற வோல்டேஜ் பெட்டரி அளவுக்குக் கிட்ட ஏறிவிடும். டயோடுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டிருப்பீர்கள், அதுவும் அந்த வோல்டேஜுக்கு நிறைந்து நிற்கும். இப்போது ஸ்விட்சைப் போட்டால் கெப்பாசிட்டரில் நிறைந்ததெல்லாம் ஒரே மூச்சில் டயோடுக்குள் இறங்கும். ரெசிஸ்டர் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோசனமில்லை.

சரியாக ஒட்டாத ஈயமும், தளர்ந்த வயரும் இதே வேலையைச் செய்யும். அதனால் டயோடுக்குப் போகிற இரண்டு வயரும் குட்டையாக, இறுக்கமாக இருக்கவேண்டும். டயோடை இணைக்குமுன் பெட்டரியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தொட்டுக் காலி செய்துவிடுங்கள். டயோடுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4148 என்கிற சின்ன சாதாரண டயோட் போட்டுவிட்டால், பெட்டரியை மாற்றிப் போட்டாலும் டயோட் தப்பும்.

ஸ்விட்ச் எந்த வகை என்று கேட்டால், அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிற பட்டன்தான். கை நழுவி விழுந்தாலும் லேசர் தானாக நிற்கும்.

ஈயம் ஒட்டும்போதே டயோட் போய்விடுகிறது.

இரண்டு காரணம். ஒன்று கம்பளி ஸ்வெட்டர். மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருப்பதால் நிலைமின்சாரம் குறைவுதான், ஆனால் தை, மாசியில் வெயிலும் வறண்ட குளிருமாக இருக்கிற நாட்களில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று கேட்கிறதே, அந்தச் சத்தத்தில் பாதிகூட இந்த டயோடுக்குத் தேவையில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயையோ நிலத்தில் பதிந்த இரும்பையோ தொட்டுவிட்டு உட்காருங்கள்.

மற்றது சோல்டர் அயன். பழைய லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகள்) பல காம்பிராக்களில் (அறைகளில்) ப்ளக்கில் ஏர்த் ஓட்டை இருக்கும், பின்னால் ஏர்த் வயர் இருக்காது. அப்போது அயனின் நுனியில் 230 வோல்ட்டின் கசிவு கொஞ்சம் நிற்கும். கையில் உறைக்காது, டயோடுக்கு உறைக்கும். அயனை நன்றாகச் சூடாக்கி, ப்ளக்கைக் கழற்றிவிட்டு, அந்தச் சூட்டிலேயே ஒட்டுங்கள். அதற்கு முன் டயோடின் மூன்று காலையும் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஒன்றாக்கிவிடுங்கள், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அந்தக் கம்பியை எடுக்கலாம். ஒரு காலுக்கு மூன்று விநாடிக்குமேல் அயனை வைக்காதீர்கள்.

கண்டியில் செட் பண்ணியது நுவரெலியாவில் வேறு மாதிரி எரிகிறது. சும்மா தோன்றுகிறதா?

தோன்றவில்லை, உண்மை. நல்ல கவனிப்பு இது.

டயோட் குளிர்ந்தால் லேசர் ஆரம்பிக்கிற எல்லைக் கரண்ட் இறங்கும். கரண்ட் மாறாமல் இருந்தால் அந்த மிச்சமெல்லாம் ஒளியாக வரும். பகலில் கண்டிச் சூட்டில் 5 மில்லிவாட்டுக்கு வைத்தது, 1868 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிரில் ஒன்றிரண்டு மில்லிவாட் கூடுதலாக வரலாம். புல்லில் உறைபனி விழுகிற மாதங்களில் இன்னும். பளிச்சென்று இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிற நேரம் டயோட் அதன் எல்லையில் நிற்கும்.

ஐசி இல்லாமல் இரண்டு டிரான்சிஸ்டர் வைத்துக் கரண்ட் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். அந்த சர்க்கிட் டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் வோல்டேஜை வைத்துத்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது. அது ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் 2 மில்லி வோல்ட் மாறும், குளிர்ந்தால் கூடும். 15 பாகை இறங்கினால் 30 மில்லி வோல்ட், கரண்ட் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஐந்து ஏறும். டயோடுக்குக் குறைய வேண்டிய நேரத்தில் சர்க்கிட் கூட்டிக் கொடுக்கிறது.

நான் சொல்கிற வழி: எங்கே அதிகக் குளிரில் பாவிக்கப் போகிறீர்களோ அங்கே வைத்துக் கரண்டை முடிவு செய்யுங்கள். முடியாவிட்டால் தரவுத்தாளில் சொன்னதில் நூற்றுக்கு எழுபத்தைந்தோடு நிறுத்துங்கள்.

அப்புறம், வெளிக்குளிரில் இருந்த லேசரை நேரே ஆவி பறக்கிற அடுப்படிக்குள் கொண்டுவந்தால் லென்சில் முத்து முத்தாக நீர் பிடிக்கும். தானாகக் காயவிடுங்கள். ஸ்வெட்டர் கையால் துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸ் கீறிப்போகும், கீறிய லென்சில் கதிர் கண்டபடி சிதறும்.

கதிர் மூடுபனியில் கோடு மாதிரித் தெரியவேண்டும். டீவீடி ரைட்டர் டயோட் போடலாமா?

போடாதீர்கள். அந்த டயோடின் ஒளி 5 மில்லிவாட் இல்லை, வேகமான ரைட்டர்களில் 200 மில்லிவாட்டைத் தாண்டும். லேசர்களை ஆபத்தின்படி வகுக்கிற சர்வதேசத் தரமான ஐஇசி 60825-1இன்படி, கண்ணுக்குத் தெரியும் தொடர் கதிர் 1 மில்லிவாட் வரை வகுப்பு 2, 5 மில்லிவாட் வரை 3ஆர், 500 வரை 3பி, அதற்கு மேல் வகுப்பு 4. வகுப்பு 2க்கு 1 மில்லிவாட் என்று வைத்ததன் அடிப்படை, பளிச்சென்று பட்டதும் கால் விநாடிக்குள் நாம் கண்ணை மூடிவிடுவோம் என்பதுதான். 200 மில்லிவாட்டில் அந்தக் கால் விநாடி மிக நீளமான நேரம். கண்ணின் லென்ஸ் அந்தக் கதிரை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும், விழித்திரையில் வலி தெரியாது, எரிந்த இடம் திரும்ப வளராது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு காம்பிரா, அதற்குள் நிலைக்கண்ணாடி, சில்வர் குடம், பளபளக்கிற தட்டுகள், தரையில் உட்கார்ந்திருக்கிற சின்னப் பிள்ளைகள். இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) நின்று செய்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலடி தள்ளித்தான் நிற்கும். லேசர் எங்கே பட்டுத் திரும்புகிறது என்று யாராலும் கணக்கு வைக்க முடியாத இடம் அது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

கோடு தெரியவேண்டும் என்பதுதான் ஆசையென்றால் சக்தியைக் கூட்டாமல் நிறத்தை மாற்றுங்கள். நம் கண் சிவப்பின் ஓரத்தில் மந்தம். அதே மில்லிவாட்டில் 635 நானோமீட்டர் டயோட் 650ஐவிட இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியும், 532 பச்சை கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஹப்புத்தளை மூடுபனி இறங்குகிற இரவில் சின்னப் பச்சைக் கதிரே போதும். ஆனால் மலிவான 532 பச்சையின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு 808, 1064 இரண்டும் இருக்கின்றன, அதைத் தடுக்கிற வடிகட்டி இல்லாமல் விற்பவையும் உண்டு. கடும் குளிரில் அது சரியாக எரிவதும் இல்லை. அதைப் பிரித்து நோண்ட வேண்டாம்.

கூலிங் கிளாஸ் போட்டால் போதாதா?

போதாது. கூலிங் கிளாஸ் கதிரைக் கொஞ்சம் மங்கலாக்கும், இருட்டில் கண்மணியை அகல விரிக்கும், தைரியத்தையும் தேவையில்லாமல் கூட்டும். லேசர் கண்ணாடி என்றால் அதில் எந்த நானோமீட்டருக்கு எவ்வளவு தடுக்கும் என்று எழுதியிருக்கவேண்டும். 5 மில்லிவாட்டில் வேலை செய்யும்போது எளிய வழி உண்டு: கதிர் எப்போதும் இடுப்பு உயரத்துக்குக் கீழே, மினுக்கம் இல்லாத கறுப்பு அட்டையில் போய் முடியவேண்டும், அறையில் லைட் எரியவேண்டும். லென்சைக் குவிக்கும்போது அட்டையில் விழுகிற புள்ளியைப் பாருங்கள், டயோடுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

கண்ணில் பட்டு ஒரு நிழல் புள்ளி போகாமல் நின்றாலோ, கோடுகள் வளைந்து தெரிந்தாலோ வீட்டு மருந்து ஒன்றும் ஊற்றாமல் கண் டாக்டரிடம் போங்கள். எத்தனை மில்லிவாட், என்ன நிறம் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

வீதியில், ரயிலில் அடித்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கலாமா?

கூடாது. கொண்டைவளைவில் பஸ் ஓட்டுகிறவருக்கு ஒரு விநாடி கண் கூசினால் அடுத்தது பள்ளம். ரயில் சாரதிக்கும் அப்படியே, ஹெலிகொப்டர், விமானம் என்றால் இன்னும் மோசம். தூரம் பார்க்க வேண்டுமானால் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம், பின்னால் மண்மேடு இருக்கிற இடத்தில் பாருங்கள்.

5 மில்லிவாட்டை வைத்து வேறென்னதான் செய்வது?

தலைமுடியின் பருமனை அளக்கலாம். ஒரு முடியை இழுத்து அட்டைச் சட்டத்தில் ஒட்டி, கதிருக்குக் குறுக்கே பிடித்தால் சுவரில் இருபக்கமும் இருட்டும் வெளிச்சமுமாகப் புள்ளிகள் வரிசையாக விழும். சுவர் 2 மீட்டர் தள்ளி, ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இருட்டுகளுக்கு நடுவில் இடைவெளி 18 அல்லது 19 மில்லிமீட்டர் என்றால் முடி ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர். அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் வரும். பிள்ளைகள் தங்கள் முடியையும் அம்மம்மாவின் நரைமுடியையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும், கண்காட்சியில் இதற்கு வருகிற கூட்டம் பலூன் வெடிக்கிற லேசருக்கும் வராது.

லேசர் திடீரென்று மங்கிவிட்டது, ஆனால் எரிகிறது. திருத்த முடியுமா?

முதலில் பெட்டரியைப் பாருங்கள், பிறகு டயோடை எடுத்துவிட்டு அந்த மூன்று டயோட், 1 ஓம் வைத்துக் கரண்டை அளந்து பாருங்கள். கரண்ட் சரியாக இருந்தும் சுவரில் கூரான புள்ளி இல்லாமல் மங்கல் சிவப்புப் படலம் மட்டும் விழுகிறதென்றால் உள்ளே அந்த முனை உருகிவிட்டது, இனி அது வெறும் எல்ஈடி. கரண்டைக் கூட்டினால் சரிவரும் என்று சிலர் சொல்வார்கள், வராது. புதியதைப் போடுமுன் பழையது ஏன் போனது என்று கண்டுபிடியுங்கள்: கெப்பாசிட்டர் பக்கத்து ஈயத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், மினுக்கம் இல்லாமல் சாம்பல் நிறத்தில் வளையம் விட்டிருந்தால் அதை மறுபடி ஒட்டுங்கள்.